ஒரே குழாயில் இருபத்து நான்கு ஆடுகள்

ஆட்டுப் புழுக்கையை வைத்து ஒருத்தி தன் கூடப்பிறந்த அக்காவை ஏமாற்ற முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று நான் சத்தியம் செய்வேன். நான் ஏமாற்றியிருக்கிறேன். அதுவும் வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு.

அக்கா ஊரின் கடைசியில் ஆடு வளர்க்கிறாள். பால்தான் பிழைப்பு. அவள் கொட்டகையை ஒட்டி ஒரு மரக் கிடங்கு இருக்கிறது. கரண்டுக் கம்பங்களுக்கான மரங்களைக் கரையான் அரிக்காமல் இருக்க அங்கே பெரிய தொட்டிகளில் தாரெண்ணெயில் ஊறவைக்கிறார்கள். மிச்சமாகும் கழிவு ஒரு குழாய் வழியாக ஓடையில் விழுகிறது. அந்த ஓடைக்கரைப் புல்லைத்தான் ஆடுகள் மேய்ந்தாக வேண்டும், அந்தப் பக்கம் வேறு புல் கிடையாது. போன வருடம் ஆடுகள் ஒவ்வொன்றாக நுரை தள்ளி, கால் மடங்கி விழ ஆரம்பித்தன. குழாயை மூடச் சொல்லி அக்கா சுற்றுச்சூழல் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். ஆடு சாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்றது கிடங்கு. பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று அலுவலகம் எங்கள் கல்லூரிக்கு எழுதியது.

எங்கள் ஆய்வகத்தில் விலங்குகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களைத்தான் ஆராய்கிறோம். தாரெண்ணெயில் இருக்கும் நஞ்சில் பெரும்பங்கு வளைய வடிவம். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து வட்டமாக நிற்கும், அந்தப் பிடியை விடுவிப்பது லேசில்லை. சில பாக்டீரியாக்களிடம் மட்டும் அதை உடைக்கும் நொதி இருக்கிறது. அந்த நொதிக்கான ஜீனும் ஒரே அச்சில் வார்த்தது கிடையாது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சாயல் ஒன்றாக இருக்கும், முகம் வேறாக இருக்கும். எந்த ஆட்டின் வயிற்றில் எந்த வகை இருக்கிறது, எந்த வயிற்றில் எதுவுமே இல்லை என்று பார்த்துவிட்டால், எது அந்தப் புல்லைத் தாங்கும், எது தாங்காது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஆட்டிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

அக்காவுக்கு இதெல்லாம் நான் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது. மாதிரி கேட்டபோது மூன்று நாள் ஒவ்வொரு ஆட்டின் பின்னாலும் குத்தவைத்து உட்கார்ந்து, அது போடும்வரை காத்திருந்து, போட்டதை அப்படியே எடுத்துப் பொட்டலம் கட்டினாள். இருபத்து நான்கு பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஆட்டின் பட்டப்பெயர். செம்பி, தொந்தி, திருடி, வாயாடி, கொம்பன், நொண்டி.

"மாத்திடாதேடி," என்றாள் பையைக் கொடுக்கும்போது. "பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொண்ணோட வயிறும் ஒரு தினுசு."

"நான் பார்த்துக்கறேன்க்கா," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

எங்கள் பேராசிரியருக்கு ஆய்வகத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் சராசரி. எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்து ஒரு எண்ணாக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நான் பொட்டலங்களைப் பிரித்து, ஒன்றுமுதல் இருபத்து நான்குவரை எண் போட்டு, நோட்டில் எண்ணுக்கு நேரே பெயரும் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"கிட் எத்தனை இருக்கு?"

டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட் அது. ஒரு மாதிரிக்கு ஒன்று வேண்டும்.

"நாலுதான் சார். புதுசு வர ஆறு வாரம் ஆகும்னு சொல்றாங்க."

"அப்போ எல்லாத்தையும் ஒண்ணா கலந்துடு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா."

"சார், தனித்தனியா பண்ணினா..." என்று ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். இவை ஒரு பானைச் சோறு இல்லை சார், இருபத்து நான்கு பானை என்ற பதில் எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் வாயில் வந்தது. வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை, புதுப்பிக்கிற கையெழுத்து அவருடையது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்லிக்கொள்ள நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் பட்டாணி அளவு எடுத்து ஒரே குழாயில் போட்டு, கரைசல் ஊற்றி, ஆட்டும் கருவியில் வைத்து அழுத்தினேன். இரண்டு நிமிடம். திருடியும் தொந்தியும் நொண்டியும் ஒரே பச்சைக் கலங்கலானார்கள்.

முடிவு வந்தபோது சராசரி குதித்தார். வளையத்தை உடைக்கும் ஜீனில் பதினோரு வகை! ஒரே மந்தையில் பதினொன்று! கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதே கையோடு அலுவலகத்துக்கும் அறிக்கை போனது: "இம்மந்தை வளைய நஞ்சுகளைச் செரிக்கும் ஆற்றலில் வளம் மிக்கது." அடியில் அவர் கையெழுத்து. அதற்கும் அடியில், சிறிய எழுத்தில், மாதிரி தயாரித்தவர் என்று என் கையெழுத்து.

நான்கு மாதமாக அக்கா வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. வேலை என்றேன். வேலை இருக்கத்தான் செய்தது, ஆனால் நான் போகாததற்குக் காரணம் அதுவல்ல. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே போன் செய்தாள்.

"அந்தக் கிடங்கு மேனேஜர் ஒரு பேப்பரைக் காட்டிச் சிரிக்கறான்டி. என் ஆடுங்களுக்குத் தார் ஜீரணமாகுதாம்! வயித்துலயே எல்லாம் இருக்காம்! இங்க வாரத்துக்கு ஒண்ணு செத்துட்டிருக்கு. இதை எந்த அறிவுகெட்டவன் எழுதினான்?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"திங்கக்கிழமை கடைசி விசாரணை. இந்தப் பேப்பரை வச்சு மனுவைத் தள்ளிட்டாங்கன்னா அந்தக் குழாயை அப்புறம் எவனும் மூட மாட்டான். இருக்கற ஆடும் போயிடும். உங்க சார்கிட்ட சொல்லி ஏதாவது பண்ணுடி. வாயில கொழுக்கட்டையா?"

"பண்றேன்க்கா," என்று மட்டும் சொன்னேன். எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. போனை வைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. சராசரிமேல் கோபம், மேனேஜர்மேல் கோபம், எல்லாவற்றையும்விட, ஆட்டும் கருவியை அழுத்திய என் கட்டைவிரல்மேல் கோபம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மாதிரியையும் முழுசாகத் தீர்க்க மாட்டேன், ஒரு சிட்டிகை ஒதுக்கி வைப்பேன். உறைபெட்டியின் கீழ்த்தட்டில், பனி மூடிக்கிடந்த டப்பாவுக்குள், இருபத்து நான்கு சின்னக் குழாய்களும் என் எழுத்தில் எண்ணோடு இருந்தன.

கிட் வந்திருந்தது, ஆனால் சராசரி அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருந்தார். அதனால் பழைய முறையில் இறங்கினேன். அதற்கு பீனால் ஊற்ற வேண்டும். பீனாலும் வளையம்தான், தாரெண்ணெய்க்குப் பங்காளி. மூடியைத் திறந்ததும் அக்கா கொட்டகையின் வாசலில் அடிக்கும் அதே நாற்றம் மூக்கில் ஏறியது. அவசரத்தில் ஒரு துளி மணிக்கட்டில் பட்டு, தோல் வெளுத்து மரத்துப்போனது. கழுவி மருந்து தடவிவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன். சனிக்கிழமை காலையில் தொடங்கி, அந்த ஜீனை மட்டும் நகலெடுத்துப் பெருக்கி, ஞாயிறு மத்தியானம் அதை ஜெல் பலகையில் ஓட்டி, விளக்கொளியில் படம் எடுத்தேன். இருபத்து நான்கு பாதைகள். ஜீன் இருந்தால் அந்தப் பாதையில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும், இல்லாவிட்டால் இருட்டு.

மூன்றே மூன்று கோடு. ஐந்து, பதின்மூன்று, இருபது. மற்ற இருபத்தொன்றும் இருட்டு.

என் கைத்தவறாக இருக்குமோ என்று, எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கிற ஒரு பொதுவான ஜீனை வைத்தும் ஓட்டிப்பார்த்தேன். இருபத்து நான்கு பாதையிலும் கோடு பளிச்சென்று வந்தது. மாதிரிகளில் தப்பில்லை. சராசரி குதித்த பதினோரு வகையும் மூன்று வயிற்றுக்குள் அடைந்துகிடந்தவை. அந்த மூன்றின் செல்வத்தை இருபத்தொன்றின் கணக்கிலும் எழுதிவிட்டோம். நன்றாகச் சாப்பிட்டவனையும் பட்டினி கிடப்பவனையும் பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டு பேருக்கும் அரை வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் விஞ்ஞானம்! படத்தைப் பார்த்துக்கொண்டே நாற்காலியை ஓங்கி ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

சாயங்காலம் சராசரி ஏதோ ஃபைல் எடுக்க வந்தார். படத்தை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். புரிந்துவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. புரியாமல் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"யார் பண்ணச் சொன்னா இதை?"

"யாரும் சொல்லல சார். முதல்லயே பண்ணியிருக்கணும்."

"கட்டுரை பத்திரிகைக்குப் போயாச்சு. அதுல பதினொண்ணுன்னு இருக்கு. பதினொண்ணு பொய்யா?"

"பதினொண்ணு நிஜம் சார். மந்தைங்கறது பொய்."

"அறிவியல்ல உணர்ச்சிக்கு இடமில்லைம்மா. அந்தக் குழாய்களைத் தூக்கிப் போட்டுடு. நாளைக்கு நான் போய்ப் பேசிக்கறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். இவர் போகிறபோது விளக்கை அணைத்துவிட்டுப் போனார், கரண்ட் வீணாகிறதாம்.

விசாரணை அறை சின்னது. நீள மேசை, கடகடவென்று சுற்றும் ஃபேன், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார். ஒரு பக்கம் மேனேஜரும் சராசரியும் உட்கார்ந்திருந்தார்கள், அண்ணன் தம்பி மாதிரி. கடைசி நாற்காலியில் அக்கா. பக்கத்து நாற்காலியில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். சின்ன வயதிலிருந்து பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் எனக்கு அப்படித்தான் இடம் பிடிப்பாள். நான் அங்கே போய் உட்காரவில்லை. நேரே மேசைக்குப் போனேன்.

"மேடம், அந்த அறிக்கை தப்பு. மாதிரியைத் தயாரிச்சது நான். இருபத்து நாலு ஆட்டோடதையும் ஒரே குழாயில கலந்தேன். கலந்தா யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லைன்னு தெரியாது. இப்போ தனித்தனியா பார்த்துட்டேன்."

நான் அக்கா பக்கம் திரும்பவில்லை.

"மேடம்!" மேனேஜர் எழுந்துவிட்டார். "அந்த அம்மாவோட கஷ்டம் எனக்கும் புரியுது, மனசு கிடந்து அடிச்சுக்குது. ஆனா இவங்க அவங்க தங்கச்சி! இது எப்படிச் செல்லும்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"அந்த அறிக்கைக்கும் இதே தங்கச்சிதான் சார் கலந்தா," என்றேன். "அதை ஊரெல்லாம் காட்டிட்டிருந்தீங்களே, அப்போ தங்கச்சின்னு தெரியலையா?"

அதிகாரி கையை உயர்த்தினார். நான் படத்தை எடுத்தேன். "காட்டாதீங்க," என்றார். "கவிழ்த்து வைங்க. உங்க நோட்டுல பேர் இருக்கா? நீங்க பேரைப் படிங்க. அந்த ஆடு இப்போ எப்படி இருக்குன்னு உங்க அக்கா சொல்லட்டும். நான் குறிச்சுக்கறேன். அப்புறம் படத்தைப் பார்க்கலாம். அவங்க இதைப் பார்த்திருக்காங்களா?"

"இல்லை மேடம். எது இருக்கு, எது செத்துச்சுன்னு எனக்கும் தெரியாது."

நோட்டைத் திறந்தேன்.

"ஒண்ணு. செம்பி."

"செத்துடுச்சு," என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"ரெண்டு. தொந்தி."

"செத்துடுச்சு."

"மூணு. மச்சக்காரி."

"படுத்துக் கிடக்கு. எழுந்திருக்கல."

"நாலு. முரடன்."

"செத்துடுச்சு. குட்டியிலேர்ந்து புட்டிப்பால் குடுத்து வளர்த்தது."

"அஞ்சு. திருடி."

"நல்லா இருக்கு. நேத்துகூட வேலியைத் தாண்டி ஓடிச்சு."

படிக்கப் படிக்க என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் நானே அழகாக எழுதிய பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு செத்துடுச்சு முதுகில் வந்து விழுந்தது. பதின்மூன்று, வாயாடி, நல்லா இருக்கு. பதினான்கு, செத்துடுச்சு. பதினைந்து, பதினாறு, செத்துடுச்சு.

"பதினேழு. நொண்டி."

"நல்லா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினேழு இருட்டு. பதினேழாம் பாதையில் கோடு இல்லை. முகத்தை மாற்றாமல் மீதியையும் படித்தேன். இருபதில் கொம்பன் நன்றாக இருந்தான். இருபத்து நான்கும் முடிந்தபோது அதிகாரியின் காகிதத்தில் பதினான்கு செத்தவை, ஆறு படுத்தவை, நான்கு நல்லவை. அவர் படத்தைத் திருப்பி, பேனா முனையால் ஒவ்வொரு பாதையாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"கோடு இருக்கற மூணும் நல்லா இருக்கு. கோடு இல்லாததுல இருபது செத்துடுச்சு, இல்லைன்னா சீக்கா கிடக்கு. பதினேழு மட்டும் இடிக்குதே?"

மேனேஜருக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா மேடம்! அந்த ஜீன் இல்லாமலேயே நல்லாத்தானே இருக்கு? அப்போ சாவுக்குக் காரணம் எங்க எண்ணெய் இல்லை."

சராசரியும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் தனித்தனியா பார்க்கக் கூடாதுங்கறது. சராசரியில இந்தக் குழப்பமே வராது."

நான் நோட்டையே வெறித்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து வந்தாள்.

"அது நொண்டிங்க. பொறந்ததிலேர்ந்தே பின்னங்கால் வராது. ஓடைக்குப் போற மேட்டுல அதால ஏற முடியாது. வீட்டுலயே கட்டிப்போட்டு, நான் கடையில வாங்கற தீவனத்தைத்தான் திங்குது. இருபத்து நாலுல அந்தப் புல்லைத் திங்காதது அது ஒண்ணுதான்."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த மனிதர் அசரவில்லை. வியாபாரம் தெரிந்தவர். "சரி மேடம். அப்போ ஒரு நல்ல வழி கிடைச்சிருக்கே! அந்த மூணு ஆட்டு வயித்துலேர்ந்து கொஞ்சம் சாறு எடுத்து மத்த ஆடுங்களுக்கும் குடுத்துட்டா? கிருமி தொத்திக்கும், எல்லாத்துக்கும் செரிச்சுடும். மண்ணைத் தோண்ட வேண்டாம், குழாயை மூட வேண்டாம். செலவுகூட எங்களோடது."

"சாத்தியம்தான்," என்றார் சராசரி. கண் பளபளத்தது. "ஒரு ப்ராஜெக்டாவே பண்ணலாம்."

என் கையில் அப்போது எது கிடைத்திருந்தாலும் எறிந்திருப்பேன். நல்லவேளை, நோட்டு மட்டும்தான் இருந்தது.

அக்கா கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால்தான் நான் பயப்படுவேன்.

"என் ஆட்டு வயித்துல ஒரு கோளாறும் இல்லைங்க. புல் தின்னா செரிக்கும், தார் தின்னா சாகும். ஆட்டுக்கு அப்படித்தான் இருக்கணும். சீக்கு உங்க குழாய்க்கு. வைத்தியத்தை அதுக்குப் பண்ணுங்க. இன்னைக்கு ஆட்டு வயித்தை மாத்தச் சொல்றீங்க. அதோட பாலைக் குடிக்கற பிள்ளைங்க வயித்தை நாளைக்கு மாத்தச் சொல்வீங்களா?"

சராசரி மேசைத் துணியைப் பார்த்தார். அதிகாரி எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துப் படித்தார்: பழைய அறிக்கை ஏற்கப்படவில்லை. இன்று மாலைக்குள் குழாய் அடைக்கப்பட வேண்டும். ஓடைக்கரை மண்ணைக் கிடங்கே தோண்டி அகற்ற வேண்டும், அதுவரை அங்கே ஆடு போகாமல் வேலி போட வேண்டும். மேனேஜர் மேல்முறையீடு என்றார். "தாராளமா போங்க. குழாயை அடைச்சுட்டுப் போங்க," என்றார் அதிகாரி.

வராந்தாவில் சராசரி என்னை நிறுத்தினார். "அடுத்த மாசம் உன் வேலையைப் புதுப்பிக்கணும்ல?"

"புதுப்பிக்க வேண்டாம் சார். கட்டுரையைத் திருத்துங்க. நீங்க திருத்தலைன்னா நான் பத்திரிகைக்கு எழுதுவேன்," என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா முதலில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் பையை வைக்கவில்லை. யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அருகே நின்றேன். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"கலக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ரெண்டு நிமிஷம்."

"நான் மூணு நாள் குத்தவச்சேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொண்டை வரை கொண்டுவந்து விழுங்கினேன். செத்த பதினான்குக்கும் அதைப் பங்கு போட்டால் ஒன்றும் மிஞ்சாது. அக்காவின் நிறுத்தம் வந்தது. அவள் எழுந்து, என்னைத் தாண்டிப் படிவரை போய்த் திரும்பினாள். முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"இன்னும் பத்து இருக்கு," என்றாள். "நாளைக்குக் காலையில வந்து மாதிரி எடு. தனித்தனியா. இந்தத் தடவை நீ குத்தவை."